பாலாஜியின் முதுகும் நம் வீட்டுப் பிள்ளைகளின் முதுகும்

2004-ஆம் ஆண்டு இந்தியக் கிரிக்கெட் அணி பாகிஸ்தானுக்குச் சென்று ஆடிய தொடரைப் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையைச் சேர்ந்த லட்சுமிபதி பாலாஜி என்னும் இளைஞர் தம் பந்துவீச்சினாலும் மாறாத சிரிப்பினாலும் அங்கே இரு நாட்டு மக்களையும் கவர்ந்தார். ராவல்பிண்டியில் நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மறு ஆண்டு மார்ச் மாதம் மொகாலியில் அதே பாகிஸ்தானுக்கு எதிராக 9 விக்கெட்டுகள். அப்போது அவருக்கு வயது 23. ஆயினும் அந்தத் தொடருக்குப் பின் அவர் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் ஆடவில்லை. 8 டெஸ்ட், 27 விக்கெட்டுகள் என்பதோடு அக்கணக்கு நின்றுவிட்டது. முதுகெலும்பில் உண்டான அழுத்த முறிவு அவரை நெடுங்காலம் ஆடுகளத்திலிருந்து விலக்கி வைத்தது.

இந்த நோயைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துப் போட்டிகள் முடிந்தபின், இடுப்புக்குச் சற்று மேலே ஒரு பக்கமாக வலிக்கிறது என்று பதின்ம வயதுப் பிள்ளைகள் பெற்றோருடன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருகின்றனர். அவர்களுள் வேகப்பந்து வீசுவோரை நாங்கள் தனிக் கவனத்துடன் பரிசோதிக்கிறோம்.

கீழே விழுந்தோ அடிபட்டோ எலும்பு முறிவதை அனைவரும் அறிவர். அழுத்த முறிவு அவ்வாறு ஒரே நாளில் நேர்வதன்று. எலும்பு உயிருள்ள பொருள். நாள்தோறும் அதன் பழைய பகுதி கரைகிறது. புதிய பகுதி உருவாகிறது. பளு கூடினால் அதைத் தாங்கும் வகையில் எலும்பு தன்னை வலுப்படுத்திக்கொள்ளும். ஆனால் அதற்கு இடைவேளை வேண்டும். இடைவேளையின்றிப் பளு விழுந்துகொண்டே இருந்தால், கரைவது மிகுந்து உருவாவது பின்தங்கும். அப்போது எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றும்.

வேகப்பந்து வீசுபவர் ஓடிவந்து முன்காலை ஊன்றும் கணத்தில், அவர் உடல் எடையைப் போல் பல மடங்கு விசை அக்கால் வழியே மேலேறுகிறது. 5 மடங்கு என்றே கொள்வோம். 50 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு அது 250 கிலோ. அதே கணத்தில் அவன் இடுப்பு பின்னோக்கி வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. இம்மூன்றும் சேரும் இடம் கீழ்முதுகில் உள்ள ஐந்து முள்ளெலும்புகளில் கடைசி இரண்டின் பின்புறம் இருக்கும் மெல்லிய எலும்புப் பாலம். வலக்கையால் வீசுவோர்க்குப் பெரும்பாலும் இடப்பக்கத்திலும், இடக்கையால் வீசுவோர்க்கு வலப்பக்கத்திலும் விரிசல் காண்பது இதனால்தான்.

டென்னிஸ் பந்து எடை குறைந்தது, ஆகவே முதுகுக்குக் கேடில்லை என்று பெற்றோர் சிலர் எண்ணுகின்றனர். பளு பந்திலிருந்து வருவதன்று. உடலின் எடையிலிருந்தும் ஓட்டத்தின் வேகத்திலிருந்தும் வருவது. சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் வீசும் சிறுவன், நல்ல காலணி அணிந்து புல்தரையில் வீசும் தொழில்முறை ஆட்டக்காரரைவிடக் குறைந்த பாதுகாப்புடனே இருக்கிறான். ஒரு நாளில் மூன்று ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 4 ஓவர் என்றால் 72 முறை அந்த முன்கால் ஊன்றப்படுகிறது. பயிற்சியில் வீசுவதை எவரும் எண்ணுவதே இல்லை.

தொடக்க நிலையில் சாதாரண எக்ஸ்ரே படத்தில் விரிசல் தெரியாமல் போகலாம். "படத்தில் ஒன்றுமில்லை" என்ற சொல்லைக் கேட்டு மறுநாளே ஆடப் போவது தவறு. பின்னோக்கி வளையும்போது ஒரு பக்கம் வலி மிகுந்தால் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் தேவைப்படும்.

சிகிச்சை எளியது, கடைப்பிடிப்பதுதான் கடினம். பந்துவீச்சை முற்றிலும் நிறுத்த வேண்டும். வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்றுத்தருவார். வைட்டமின் டி குறைவாக இருப்பின் அதையும் சரிசெய்ய வேண்டும். அறுவை சிகிச்சை மிகச் சிலருக்கே தேவைப்படும். வலி பல வேளைகளில் சில வாரங்களிலேயே அடங்கிவிடும். இடர் தொடங்குவதும் அங்கேதான். வலி போயிற்று, ஆகவே எலும்பு கூடிவிட்டது என்று பிள்ளையும் நினைப்பான், பெற்றோரும் நினைப்பர். வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போட்டவர்கள் அறிவார்கள்: மேற்பரப்பு காய்ந்தது போல் தோன்றும் நாளில் எவரும் சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பதில்லை. எலும்பிலும் முதலில் உருவாவது மென்மையான பகுதியே. அது கெட்டிப்பட மாதங்கள் ஆகும். மீண்டும் முழு வேகத்தில் வீசப் பலருக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகிறது.

முதுகில் எண்ணெய் தேய்த்து மெல்ல நீவுவதை நாங்கள் தடுப்பதில்லை. தசைவலிக்கு அது இதமாக இருக்கலாம். மிதித்தல், முறித்தல், சொடக்கு எடுத்தல் ஆகியவை மட்டும் கூடவே கூடாது.

காத்திருந்தவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி. 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றிருந்தபோது அவருடைய கீழ்முதுகில் அழுத்த முறிவுகள் கண்டறியப்பட்டன. அவர் ஆட்டக் காலம் முடிந்தது என்றே பலரும் கருதினர். உடலை முறையாக வலுப்படுத்திக்கொண்டு, பந்து வீசும் முறையையும் திருத்திக்கொண்டு, 1974-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிரான தொடரில் திரும்பி வந்தார். 1984-இல் ஓய்வு பெற்றபோது அவர் பெற்றிருந்த 355 டெஸ்ட் விக்கெட்டுகளில் பெரும்பகுதி அந்த முறிவுக்குப் பிந்தியவை. அவரே 1987-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி நிலையத்துக்கு வழிகாட்டியாக வந்து, நம் இளைஞர்களுக்குப் பல்லாண்டுகள் கற்பித்தார். தம் முதுகினால் கற்ற பாடத்தை அவர் இங்கே கொண்டுவந்தார் என்றே நாங்கள் கொள்கிறோம்.

பாலாஜியும் தம் பந்துவீச்சு முறையை மாற்றியமைத்துக்கொண்டார். பழைய வேகம் முழுமையாகத் திரும்பவில்லை. வேகத்தை மாற்றி மாற்றி வீசும் நுட்பத்தை வளர்த்துக்கொண்டார். 2008 மே 10 அன்று சேப்பாக்கத்தில், சென்னை அணிக்காகப் பஞ்சாப் அணிக்கு எதிராக அடுத்தடுத்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஐ.பி.எல். போட்டிகளின் முதல் ஹாட்ரிக் அதுவே. 2009-இல் இந்திய அணியில் மீண்டும் இடம்பெற்றார். 2012-இல் இலங்கையில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பையில் 4 ஆட்டங்களில் 9 விக்கெட்டுகள் எடுத்தபோது அவருக்கு வயது 31. பின்னர்ச் சென்னை அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். ஆனால் டெஸ்ட் ஆட்டம் திரும்பக் கிடைக்கவில்லை. நலம் பெறுவது என்பது எப்போதும் பழைய நிலைக்கே மீள்வதன்று என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

விளையாடாதவர்களுக்கும் ஒரு சொல். சங்கரன்கோவில் வட்டாரத்தில் விசைத்தறிக் கூடங்களில் நாள் முழுதும் நிற்போர்க்கும், பூப்பறிக்கக் குனிந்தே இருக்கும் பெண்களுக்கும் வரும் முதுகுவலி பெரும்பாலும் இந்த வகை முறிவு அன்று. தசை, சவ்வு ஆகியவற்றைச் சார்ந்தது. அவர்களுக்கு நீண்ட படுக்கை ஓய்வு நன்மையும் செய்யாது. மேலும், கிரிக்கெட் ஆட்டக்காரர் மாதக்கணக்கில் விலகி இருக்கலாம். தறியை நிறுத்தினால் கூலி நின்றுவிடும் என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே உங்கள் வேலையை உள்ளபடி எங்களிடம் கூறுங்கள்: எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எவ்வளவு எடை தூக்குகிறீர்கள், எந்த அசைவில் வலி எழுகிறது. வேலையை விடாமல் செய்யும் முறையை மாற்ற வழி இருந்தால் அதைத்தான் முதலில் தேடுவோம்.

கால் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சலுடன் கூடிய முதுகுவலி, தூக்கத்தைக் கெடுக்கும் இரவு வலி ஆகியவை இருந்தால் யாராயினும் தாமதிக்காமல் வர வேண்டும். வயது முதிர்ந்தோர்க்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இலேசாக விழுந்தபின் முதுகு வலித்தாலும் அவ்வாறே.

பந்து வீசும் பிள்ளையை அழைத்து வருவோர், அவன் ஒரு வாரத்தில் எத்தனை ஓவர் வீசுகிறான் என்பதைப் பயிற்சியையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் எடுத்த பந்துவீச்சுக் காட்சி ஒன்று இருந்தால், முன்கால் ஊன்றும் கணத்தை நிறுத்திப் பார்க்க எங்களுக்கு உதவும்.