வீட்டில் அமைக்கும் ஈகைக் கணினி

ஈதற்குரிய பொருள்கள் பலவாம். நெல்லும் பொன்னும் உடையும் ஈவார் உளர். கல்வியும் மருந்தும் ஈவார் உளர். தம் உடலின் குருதியையே ஈவாரும் உளர். இக்காலத்தில் இவற்றோடு சேர்த்தெண்ணத்தக்க புதுப்பொருளொன்றும் தோன்றியுள்ளது. அது கணக்கிடும் ஆற்றல். வீட்டின் ஒரு மூலையில் கணினி ஒன்றை வைத்து, அதனை நம் வேலைக்கன்றி ஆராய்ச்சியாளர்தம் வேலைக்கே இரவும் பகலும் விட்டுவிடுதல் கூடும். அத்தகைய கணினியை அமைக்குமாற்றையும், அமைக்குமுன் எண்ணிப்பார்க்க வேண்டுவனவற்றையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

முதற்கண், பகிர்ந்து கணித்தலாவது யாது என அறிதல் வேண்டும். ஆயிரம் வேலி நிலம் அறுவடைக்கு நிற்கின்றதெனக் கொள்வோம். ஒருவனே அறுக்கப் புகின் அவன் ஆயுள் போதாது. ஆயிரவர் கூடின் சின்னாளில் முடியும். இவ்வயலை அறுப்பவன் அடுத்த வயலில் நிகழ்வது யாதெனக் கேட்டு நிற்க வேண்டுவதில்லை. அவ்வாறே, ஒன்றையொன்று எதிர்பாராத துண்டுகளாகப் பகுக்கத்தக்க பெருங்கணக்கு எதுவாயினும் அதனைப் பலர்தம் வீடுகளுக்குப் பங்கிட்டு அனுப்பலாம். நடுநிலையத்துக் கணினி துண்டுகளை இணையத்தின் வழியாக விடுக்கும். வீட்டுக் கணினி கணித்து விடையைத் திருப்பியனுப்பும்.

எல்லாக் கணக்கும் இங்ஙனம் பகுபடுமோ எனின், படா. தட்பவெப்பக் கணக்கில் ஓரிடத்துக் காற்று அடுத்த இடத்துக் காற்றை ஒவ்வொரு கணமும் தாக்குதலின், நிலவுலகை நாடுநாடாக வெட்டிப் பலர்க்குப் பங்கிடுதல் அரிது. ஆயினும் 2003-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தொடங்கிய கிளைமேட் பிரடிக்ஷன் என்னும் முயற்சி இவ்விடரை ஓர் உபாயத்தாற் கடந்தது. உலகை வெட்டாமல், உலகு முழுவதன் கணிதமாதிரியையே ஒவ்வொரு வீட்டிற்கும் அனுப்பினர். உறுதிப்படாத சில அளவைகளை மட்டும் வீட்டுக்கு வீடு சிறிது மாற்றி வைத்தனர். இவ்வாறு பலவகை எதிர்காலங்களை ஒப்புநோக்குதல் எளிதாயிற்று. பகுக்கும் வழியைக் காண்பதே இத்துறையின் உயிர்நாடி என்பது இதனால் விளங்கும்.

இனி, இத்துறையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1996-ஆம் ஆண்டில் ஜார்ஜ் வோல்ட்மன் என்பார், மெர்சென் பகாவெண்களைத் தேடுதற்கு அன்பர்களின் கணினிகளை ஒன்றுகூட்டினார். அக்கூட்டத்தார் 2024-ஆம் ஆண்டில் கண்ட பகாவெண் 4,10,24,320 இலக்கங்களை உடையது. 1999-ஆம் ஆண்டு மே மாதத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் ஸெட்டி அட் ஹோம் என்பதனைத் தொடங்கினர். வேற்றுலகத்தார் எவரேனும் விடுத்த ரேடியோக் குறி உண்டோ என, அரெசிபோ தொலைநோக்கியின் பதிவுகளை அது துருவியது. அப்பணியிற் பெற்ற அறிவைக் கொண்டு டேவிட் ஆண்டர்சன் என்பார் எத்துறைக்கும் பொதுவாகப் பயன்படும் பாயிங்க் என்னும் மென்பொருளை ஆக்கினார். ஸெட்டி அட் ஹோம் 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாளோடு வேலை அனுப்புவதை நிறுத்திற்று. அது வளர்த்த பாயிங்கோ பல ஆராய்ச்சிகட்கு உதவிவந்துள்ளது.

புரதங்கள் மடங்கும் முறையை ஆராயும் போல்டிங் அட் ஹோம் 2000-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றியது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது எண்ணிறந்தோர் தத்தம் கணினிகளை அதற்கு அளித்தனர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அதன் மொத்த ஆற்றல் விநாடிக்கு ஓர் எக்ஸா அளவை, அதாவது ஒன்றன்பின் 18 சுழியிட்ட எண்ணிக்கையான கணக்குகளைக் கடந்தது. உலகப் பெருங்கணினிகளின் வரிசையில் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்துப் பிராண்டியர் அவ்வளவை எட்டியது 2022-லேதான். அளக்கும் முறை இரண்டிற்கும் வேறாயினும், சிறியோர் பலர் கூடிய கூட்டத்தின் வலிமைக்கு இது தக்க சான்றாம்.

நிற்க. ஈண்டு நாம் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். இம்முயற்சிகள் தோன்றிய காலத்து, 'சும்மா கிடக்கும் கணினியின் வீண்பொழுதைத் தாரும்' என்பதே கேட்கப்பட்டது. வேறு வேலைக்கென வாங்கிய கணினி ஓய்ந்திருக்கும் வேளையை அளித்தல் சிறு செலவே. ஆனால் இதற்கெனவே தனிக்கணினி ஒன்றை அமைப்பவர் வீண்பொழுதைத் தருபவரல்லர். அதன் விலையையும், அஃது உண்ணும் மின்சாரம் முழுவதையும் தருபவராவர். 100 வாட் உண்ணும் கணினி நாளொன்றுக்கு 2.4 யூனிட்டும், முப்பது நாட்கு 72 யூனிட்டும், ஆண்டுக்கு 876 யூனிட்டும் செலவிடும். 300 வாட் ஆயின் ஆண்டுக்கு 2,628 யூனிட்டு ஆகும். அப்பொருளை ஓர் ஏழை மாணவனுக்கோ நோயாளிக்கோ கொடுத்தல் ஆகாதோ என ஒருவர் கேட்பாராயின், அக்கேள்வியை நாம் புறக்கணித்தல் தகாது. தனிக்கணினி அறமாவதும் ஆடம்பரமாவதும், அதனை அமைக்கும் முறையைப் பொறுத்தன. செலவிடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மிகுந்த வேலையைச் செய்து, செய்த வேலையைப் பிழையின்றியும் காலந்தவறாமலும் ஒப்புவிக்கும் கணினியே ஈகைக் கணினி எனப்படும்.

இவ்விலக்கணத்தை மனத்திற்கொண்டு உறுப்புக்களை ஒவ்வொன்றாக ஆராய்வாம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டுவது பொறியன்று, பணியே. ரொஸெட்டா அட் ஹோம் போன்றவற்றின் கணக்குகள் செயலி எனப்படும் பிராசசரையே நம்பி நிற்பன. போல்டிங் அட் ஹோம், ஐன்ஸ்டீன் அட் ஹோம் ஆகியன கிராபிக்ஸ் கார்டையும் நன்கு பயன்படுத்துவன. செயலியானது சில வல்லுநரை உடைய சிறு கூடத்தை ஒக்கும். எவ்வகைச் சிக்கலையும் அவர் தீர்ப்பர். கிராபிக்ஸ் கார்டோ ஒரே கட்டளையை ஏககாலத்தில் செய்யும் ஆயிரக்கணக்கான எளிய பணியாளரை ஒக்கும். ஒரேவகைச் சிறுகணக்கு மிகப்பலவாய் வருமிடத்து அது செயலியைப் பன்மடங்கு விஞ்சும். எனினும் வீடுகட்கு விற்கப்படும் கார்டுகள் இரட்டை நுண்மையுடைய எண்களைக் கணிப்பதில் பெரிதும் மந்தமானவை. அத்தகைய எண்களை வேண்டும் பணிக்கு விலையுயர்ந்த புதுக்கார்டை வாங்கி ஏமாறுவோரும் உண்டு. பணியறிந்து பொறி வாங்குக.

ராம் எனப்படும் நினைவகத்தைப் பற்றி அறியவேண்டுவது ஒன்று உண்டு. பதினாறு இழைகளில் வேலை செய்யும் செயலி பதினாறு துண்டுகளை ஒருங்கே எடுத்துக்கொள்ளக்கூடும். ஒவ்வொரு துண்டும் 1 ஜி.பி. நினைவகத்தை வேண்டின், 8 ஜி.பி. உள்ள கணினியில் பாதிச் செயலி வேலையின்றி நிற்கும். ஆகவே இழைகளின் எண்ணிக்கையையும் துண்டின் தேவையையும் பெருக்கிப் பார்த்து வாங்குதல் நன்று. ராமை ஒரே தகடாக வாங்காது இரண்டு தகடுகளாக இடின், செயலிக்கு இரண்டு வழிகள் திறந்து தரவுகள் விரைந்து செல்லும். சேமிப்பிற்குச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்று பெரும்பாலும் போதும். கணினி தன் வேலையை இடையிடையே அதிற் குறித்துவைத்துக்கொள்ளும். மின்சாரம் நின்றாலும், வந்தபின் விட்ட இடத்தினின்று தொடரும்.

மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் பவர் சப்ளையில் சிக்கனம் செய்யப்புகுந்து நட்டப்படுவோர் பலர். மலிவான பெட்டி, தான் வாங்கும் மின்சாரத்திற் கணிசமான பகுதியை வெப்பமாக்கி வீணடிக்கும். '80 பிளஸ் கோல்டு' என்னும் தரமுத்திரை பெற்றது, பாதிச்சுமையில் நூற்றுக்கு 90 பங்கிற்குக் குறையாமல் உள்ளே அளிக்கும். ஆண்டு முழுவதும் ஓடும் கணினிக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. மின்வெட்டு நேரும் ஊர்களில் சிறு யு.பி.எஸ். ஒன்றும் இன்றியமையாதது. மின்சாரம் மீண்டதும் தானே தொடங்குமாறு மதர்போர்டில் அமைத்துவைத்தலும் கூடும். திரையும் விசைப்பலகையும் நாளும் வேண்டுவன அல்ல. லினக்ஸ் ஏற்றிவிட்டால் வீட்டிலுள்ள மற்றொரு கணினியிலிருந்தே இதனை மேற்பார்க்கலாம்.

கணினி உண்ணும் மின்சாரம் முழுவதும் முடிவில் வெப்பமாகவே அறையிற் பரவும். குளிர்நாட்டார்க்குப் பனிக்காலத்தில் அது நன்மை. நம்மனோர்க்குக் கோடையில் அது சுமை. அவ்வெப்பத்தை அகற்றக் குளிர்சாதனத்தை ஓட்டின் கொடையின் செலவு மேலும் பெருகும். ஆதலின் காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, முன்புறத்தே காற்று புகவும் பின்புறத்தே வெளியேறவும் விசிறிகளை அமைத்தல் வேண்டும். தூசியைத் திங்கள்தோறும் துடைத்தலும், செயலிக்கும் அதன் குளிர்விப்பானுக்கும் இடையே பூசிய பசை உலர்ந்துவிடின் மாற்றுதலும் கடமையாம்.

இங்குச் சிக்கனத்தின் மறைபொருள் ஒன்றைக் கூறுவோம். செயலியின் மின்செலவு பெரும்பாலும் அதன் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறும். வேகத்தை மாற்றாது அழுத்தத்தை மட்டும் பத்தில் ஒரு பங்கு குறைப்பின், அவ்வகைச் செலவு நூற்றுக்கு 19 பங்கு குறையும். மேலும், பொறியின் கடைசிச் சிறு வேகத்திற்கே அழுத்தம் மிகவும் வேண்டப்படுகின்றது. கிராபிக்ஸ் கார்டின் மின்வரம்பைச் சிறிது தாழ்த்திவைத்தால், இழக்கும் வேலையினும் மிஞ்சும் மின்சாரம் மிகுதியாதலைக் காணலாம். சுவர்ச் செருகியில் மாட்டும் மின்னளவி ஒன்றைக் கொண்டு, நாளொன்றுக்கு முடிந்த வேலையைச் செலவான யூனிட்டால் வகுத்துப் பார்க்க. மிக்க ஈவு தரும் நிலையே நன்னிலை. மிக்க வேகந் தரும் நிலை அன்று.

இனி, பிழையின்மையைப் பற்றிக் கூறுவோம். நாம் முதன்முதல் அமைத்த கணினியில், விரைவை விரும்பி ராம் தகடுகளை வரையறுத்த வேகத்திற்கு மேல் ஓடவிட்டோம். கணினி ஒருநாளும் நின்றதில்லை, விளக்குகள் ஒளிர்ந்தன, விசிறிகள் சுழன்றன. சில வாரங்கழித்துக் கணக்கைப் பார்த்தபோதோ, நாம் அனுப்பிய விடைகளிற் பல பிழையெனத் தள்ளப்பட்டிருந்தன. அத்தனை நாளும் மின்சாரத்தைப் பாழாக்கியதோடு, அத்துண்டுகளை மீண்டும் பிறர் கணிக்குமாறும் செய்துவிட்டோம் என உணர்ந்து நாணினோம். வேகத்தைக் குறைத்து, நினைவகத்தைச் சோதிக்கும் நிரலை ஓரிரவு முழுவதும் ஓட்டிப் பார்த்தபின்னரே மறுபடியும் பணியில் ஈடுபடுத்தினோம். புதுக்கணினி எதனையும் இச்சோதனையின்றிப் பணிக்கு விடலாகாது.

ஆராய்ச்சியாளர் இப்பிழைகளினின்று தம்மைக் காத்துக்கொள்ளும் வகையும் அறியத்தக்கது. பல பணிகளில் ஒரே துண்டை ஒருவரையொருவர் அறியாத இருவர்க்கு அனுப்பி, விடைகள் ஒத்தபின்னரே ஏற்பர்; ஒவ்வாவிடின் மூன்றாமவரிடம் செல்வர். 2024-இல் கண்ட பகாவெண்ணும் வேறு வேறு நிரல்களால், வேறு வேறு பொறிகளில் மீட்டும் சோதிக்கப்பட்ட பின்னரே வெளியிடப்பட்டது. துண்டுகட்குக் கெடுநாளும் உண்டு. ஆகையால் முடிக்கும் அளவிற்கு மேல் வேலையை வாங்கிக் குவித்தல் பிறர் பணியைத் தடுத்தலேயாம்.

இரண்டு எச்சரிக்கைகளையும் கூறுவோம். அலுவலகத்திலோ கல்லூரியிலோ உள்ள கணினிகளில் உரியார் இசைவின்றி இந்நிரல்களை ஏற்றுதல் கூடாது. பிறர் மின்சாரத்தைக் கொண்டு செய்வது ஈகையாகாது. நிரலையும் அந்தந்தப் பணியாரின் சொந்தத் தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். அன்றியும், செய்த வேலைக்கு மதிப்பெண் தந்து வரிசைப்படுத்தும் வழக்கம் உண்டு. அது ஊக்கந் தருவதே. ஆயினும் அவ்வரிசையில் முந்தவேண்டிக் கார்டு மேல் கார்டாக வாங்குவோர்க்கு நோக்கம் மாறிவிட்டதென்க.

ஆகவே நம் முடிபு இது. கணினி முன்னரே உடையார் தனிக்கணினி தேடவேண்டா. அதன் ஓய்வுப்பொழுதே போதிய கொடையாம். தனியே அமைக்க விழைவார், செலவைக் கணக்கிட்டுத் தாங்கக்கூடுமாயின், பிறர் கழித்த நல்லுறுப்புக்களை ஆராய்ந்தெடுத்தோ, குறைமின்சாரத்தில் இயங்கும் புதியவற்றை வாங்கியோ அமைப்பாராக.

பயன் யாதென வினவுவார்க்கு ஒன்று கூறி முடிப்போம். 2010-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் அட் ஹோமைச் சார்ந்த அமெரிக்க வீட்டுக் கணினி ஒன்றும் ஜெர்மனியிலுள்ள கணினி ஒன்றும் அரெசிபோவின் பதிவுகளில் புதிய பல்சார் ஒன்றைக் கண்டன. விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை சுழலும் விண்மீன் அது. அவ்விரு கணினிகளும் பேறுடையன. ஆனால் அந்நாளில் உடனுழைத்த ஏனையவற்றுட் பெரும்பாலான திருப்பியனுப்பிய விடை, 'இத்துண்டில் ஒன்றும் இல்லை' என்பதே. அவ்விடைகளும் வீணல்ல. இல்லாத இடங்களை உண்மையாக இல்லையென்று ஒருவர் சொல்லியிருந்தாலன்றி, உள்ள இடத்தைத் தேடுவார்க்கு எல்லை ஏது? நம் வீட்டு மூலையிற் கிடக்கும் கணினியும் பெரும்பாலும் அவ்விடையையே அனுப்பும். அதனைப் பிழையின்றி அனுப்புமாறு பார்த்துக்கொள்வதே நம் கடன்.