பாடியைக் கடைசியில் வாங்கு

அன்புள்ள தம்பிக்கு,

எட்டாயிரம் வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன், ஊர் சுற்றவும் இயற்கைக் காட்சி எடுக்கவும் எந்த மிரர்லெஸ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். கூடவே ஒரு பட்டியல். கேமராக்களின் பெயர், எதிரே மெகாபிக்சல், அதற்கு எதிரே நொடிக்கு எத்தனை படம். அதில் லென்ஸ் ஒன்றுகூட இல்லை. ட்ரைபாட் இல்லை. ட்ரை கேபினெட் என்ற பேச்சே இல்லை. பட்டியலைத் தலைகீழாக எழுது, கேமரா பாடியைக் கடைசியில் வாங்கு என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் உன் ஊர் வெளிச்சத்தைக் கணக்கில் எடு. நீ யூடியூபில் பார்க்கிற ஆட்கள் பலர் இருக்கிற ஊரில் சூரியன் சாய்வாக, ஆற அமர இறங்கும். லண்டனில் ஜூன் மாதம் சூரியன் மறைந்த பிறகும் முக்கால் மணி நேரம் அந்தி வெளிச்சம் நிற்கும். ஜொகூரில் நம் பெர்மாஸ் ஜெயா நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். அடிவானத்துக்கு ஆறு டிகிரி மேலே இருக்கும்போது பொன்வெயில் ஆரம்பம் என்று வைத்துக்கொண்டால், சூரியன் மறைய ஏறக்குறைய 25 நிமிடம்தான். அதன்பிறகு வரும் நீல வெளிச்சம் 20 நிமிடத்துக்குச் சற்று மேல். நம் ஊர்ச் செனிபோங் கரையில் கடல் உணவுக் கடைகளின் விளக்கும் வானமும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கிற நேரம் அதற்குள்ளும் சில நிமிடங்களே. அந்த நேரத்தில் பையைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, இன்னொன்றைத் தேடி மாட்டிக்கொண்டிருந்தால் படம் போய்விடும். ஆகவே நம் ஊருக்கு முதல் தேவை, மாற்றாமலே வேலை முடிக்கிற ஒரே ஒரு நல்ல ஜூம்.

விடியற்காலைப் படத்துக்கு நமக்கு ஒரு சலுகை உண்டு. 1982-இல் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதிலிருந்து இங்கே சூரியன் எழும்போது மணி ஏழு. மற்ற நாட்டுக்காரர்கள் மாதிரி மூன்று மணிக்கு அலாரம் வைக்க வேண்டியதில்லை. உச்சி வெயிலும் பன்னிரண்டுக்கு வராது, ஒரு மணிக்குத்தான் வரும். அந்த நேரத்தில் கடற்கரையை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போ.

சரி, எந்த ஜூம்? இயற்கைக் காட்சி என்றாலே 14 மில்லிமீட்டர், 16 மில்லிமீட்டர் என்று அகல லென்ஸை முதலில் வாங்கச் சொல்வார்கள். மலையும் பாறையும் எழுந்து நிற்கிற தேசங்களுக்கு அது சரி. ஜொகூர் தட்டையான நிலம். குனோங் லேடாங் 1,276 மீட்டர். அதை விட்டால் தலைதூக்கி நிற்கிற மலைகள் குறைவு. செனிபோங்கில் நின்று 16 மில்லிமீட்டரில் ஒரு படம் எடுத்துப் பார். மேல் பாதி வெற்று வானம், கீழ்ப் பாதி வெறும் நீர், நடுவில் சிங்கப்பூர் ஒரு நூலளவு. அதே இடத்தில் நின்றபடி 100-க்குத் திருப்பு. அக்கரைச் செம்பவாங் கப்பல் பட்டறையின் பளுதூக்கிகள் முன்னால் வந்து நிற்கும், குறுக்கே போகிற மீன்படகு அவற்றுக்கு அளவுகோலாகும். இங்கே நல்ல படம் பெரும்பாலும் 50-க்கும் 120-க்கும் நடுவில்தான் கிடைக்கிறது. அகல லென்ஸுக்கு ஒட்டி நிற்க ஒரு முன்புலம் வேண்டும்: தஞ்சோங் பியாயின் சதுப்புநிலக் காட்டு வேர்கள், கோத்தா திங்கி அருவியின் அடிவாரப் பாறை மாதிரி. அந்த இடங்களுக்குப் போகத் தொடங்கிய பிறகு அதை வாங்கிக்கொள்.

ஃபுல் ஃபிரேம் என்றால் 24-105 அல்லது 24-120, க்ராப் சென்சர் என்றால் 16-80, எஃப் 4 அளவில். எஃப் 2.8 வேண்டாம். ட்ரைபாடில் வைத்து எஃப் 8-இல் எடுக்கப் போகிறவன் எஃப் 2.8-க்குக் காசும் எடையும் கொடுப்பது, எனக்குத் தெரிந்தவரை, நண்பர்களிடம் காட்டத்தான்.

மிரர்லெஸ் வந்ததில் நம் மாதிரி ஆட்களுக்கு உண்மையான லாபம் எங்கே என்று தெரிந்துகொள்வது நல்லது. கண்ணாடியை எடுத்துவிட்டதால் லென்ஸ் சென்சருக்கு மிக அருகில் வந்துவிட்டது. நிக்கானின் பழைய எஃப் மவுண்டில் அந்த இடைவெளி 46.5 மில்லிமீட்டர், இசட் மவுண்டில் 16. பின்பக்கத்தில் இவ்வளவு இடம் கிடைத்ததும் அகல லென்ஸ்கள் சுருங்கின. பழைய 14-24 எஃப் 2.8 ஏறத்தாழ ஒரு கிலோ, முன்கண்ணாடி முட்டை மாதிரி புடைத்திருக்கும், சாதாரண ஃபில்ட்டர் மாட்ட முடியாது. இசட் 14-30 எஃப் 4 வெறும் 485 கிராம். 82 மில்லிமீட்டர் ஃபில்ட்டரை நேராகத் திருகிக்கொள்ளலாம். ஒரு ஸ்டாப் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்தான். விடியலில் ட்ரைபாடோடு நிற்கிறவனுக்கு அந்த ஒரு ஸ்டாப் பெரிய இழப்பில்லை. பாடியில் குறைந்த எடையை விட லென்ஸில் குறைந்ததுதான் தோளுக்குத் தெரிகிறது. ஏர் ஏசியாவில் கைப்பைகள் இரண்டும் சேர்த்து 7 கிலோ என்பதையும், உதிரி பேட்டரிகளைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும் என்பதையும் நினைத்துப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும்.

பயணத்துக்கு ஏற்ற சாதனம் என்பது புதுக் கவலை இல்லை. 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிப் படம் எடுத்தார். அந்தக் காலத்தில் மிகத் தெளிவான படம் தருவது ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு. ஆனால் அதை எடுக்கும் இடத்திலேயே பூசி, காய்வதற்குள் எடுத்து, உடனே கழுவ வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில், வண்டிப் பயணத்தில், அது எத்தனை பாடு என்று யோசித்துப் பார். ட்ரைப் பெரும்பாலும் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களை நம்பினார். முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், கழுவுவதையும் தள்ளிப்போடலாம், கீழே விழுந்தால் உடையாது. கண்ணாடியின் கூர்மை அதில் வராது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். அந்தக் குறையோடுதான் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். மூன்று ஆண்டுக்கு முன் பர்மாவுக்குத் தூதுக்குழுவோடு போய் வந்த அனுபவமும் அதற்குள் அவருக்கு இருந்தது. அன்றைய மிகச் சிறந்த சாதனத்தை விட்டுவிட்டு, தான் போகிற ஊரின் வெயிலுக்கும் வழிக்கும் தாக்குப்பிடிப்பதை எடுத்துக்கொண்டிருக்கிறார். நீ கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

நம் ஊரில் தாக்குப்பிடிக்க வேண்டியது வெயிலை அல்ல, ஈரத்தை. லென்ஸை அலமாரியில் துணியோடு வைத்தால் ஒரு மழைக்காலம் போதும், பூஞ்சை பிடித்துவிடும். அது கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் போகாது. ட்ரை கேபினெட் வாங்கு, ஈரப்பதத்தை 40-லிருந்து 50-க்குள் வைத்திரு. ரொம்பக் காயவைத்தால் ரப்பருக்கும் கிரீஸுக்கும் ஆகாது. இப்போதைக்குக் காசு இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. பெரிய செலவில்லை.

இன்னொரு ஈரத் தொல்லை பயணத்தில் வரும். மெர்சிங்கில் ஏர்கான் போட்ட அறையில் கேமராவை வைத்துத் தூங்கிவிட்டு, ஆறரைக்குக் கடற்கரையில் வெளியே எடுத்தால், முன்கண்ணாடி உடனே பனித்துவிடும். துடைத்தால் மறுபடி பனிக்கும். கண்ணாடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை எதுவும் செய்ய முடியாது. அதற்குள் உன் 25 நிமிடத்தில் பாதி போயிருக்கும். கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, புறப்படுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே ஏர்கான் இல்லாத இடத்துக்குக் கொண்டு வந்துவிடு. ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும். கண்ணாடி சூடான பிறகு பையைத் திற.

சென்சர் பற்றிக் கேட்டிருந்தாய். ஃபுல் ஃபிரேமின் பரப்பு க்ராப் சென்சரைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்; இரவில் கையில் பிடித்து எடுக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். ட்ரைபாடில், ஐ.எஸ்.ஓ 100-இல், ரா ஃபைலில் எடுத்தால் இரண்டையும் அருகருகே வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். 24 மெகாபிக்சல் என்றால் 6000-க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டாலும் 20 அங்குல அகலம் வரும். அதற்கு மேல் பெரிதாக அச்சிட்டு மாட்ட உனக்குச் சுவர் இருந்தால் சொல், பேசுவோம்.

ட்ரைபாட் விஷயத்தில் கஞ்சம் பிடிக்காதே. நடுக்கம்பியை உயர்த்தாமலே உன் கண் உயரத்துக்கு வருவதாக, ஒன்றரைக் கிலோ அளவில், கார்பன் ஃபைபர் கால். ஆனால் தஞ்சோங் பியாயிலும் குக்குப்பிலும் நாம் நிற்பது நடைபலகையின் மேல். யாராவது நடந்தால் பலகையோடு ட்ரைபாடும் ஆடும். அங்கே ஆட்கள் கடந்து போகும்வரை காத்திரு. முடியாவிட்டால் பாடிக்குள்ளே இருக்கும் நடுக்கத்தடுப்பை நம்பிக் கையிலேயே எடு. பாடியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் விட்டுக்கொடுக்காத ஒரே வசதி அதுதான். போலரைசர் ஒன்று கட்டாயம். நீல வானத்துக்காக என்பார்கள். நம் வானம் எத்தனை நாள் நீலமாக இருக்கிறது? மழை விட்ட காட்டில் ஈர இலையின் வெள்ளைப் பளபளப்பைப் போக்கிப் பச்சையை வெளியே கொண்டு வருவதற்குத்தான் அது. அதைக் கணினியில் பிறகு செய்துகொள்ள முடியாது.

புகைமூட்டக் காலத்தில் எதையும் வாங்கிச் சோதித்துப் பார்க்காதே. 2013 ஜூனில் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746 வரை போய் அவசரநிலை அறிவித்தார்கள். அந்த மாதிரி நாளில் எந்த லென்ஸும் மங்கலாகத்தான் தெரியும்.

இப்போது பாடிக்கு வருவோம். எட்டாயிரத்தில் பாதியை லென்ஸுக்கு வை. ட்ரைபாட், ட்ரை கேபினெட், போலரைசர், இன்னொரு பேட்டரி எல்லாவற்றுக்குமாக ஆயிரத்து ஐந்நூறு. மிஞ்சுகிற பணத்துக்குப் பழைய பாடிதான் அமையும். அதில் குறை ஒன்றுமில்லை. 2018-இல் வந்த நிக்கான் இசட் 6-உம் சோனி ஏ7 III-உம் 24 மெகாபிக்சல், ஃபுல் ஃபிரேம், உள்ளேயே நடுக்கத்தடுப்பு. மலையும் கடலும் ஓடுவதில்லை, ஆகவே அவற்றின் பழைய ஃபோகஸ் வேகம் உனக்குப் போதும். சோனி பக்கம் போனால் டாம்ரான், சிக்மா லென்ஸ்கள் நிறையக் கிடைக்கும், பழையதும் சல்லிசாகக் கிடைக்கும். கேனனின் ஃபுல் ஃபிரேம் ஆர்.எஃப் மவுண்டில் ஆட்டோ ஃபோகஸ் லென்ஸுக்கு ஏறக்குறைய அந்த நிறுவனத்தையே நம்பி இருக்க வேண்டும், அதனால் உன் பட்டியலில் அதை அடித்துவிட்டேன். நடை அதிகம், எடை ஆகாது என்றால் ஃபூஜி. எக்ஸ்-டி5 பேட்டரியோடு 557 கிராம். ஆனால் அதைப் புதிதாக வாங்கினால் லென்ஸுக்குக் காசு மிஞ்சாது. என்னிடம் கேட்டால், பழைய இசட் 6-உம் 24-120 எஃப் 4-உம்.

பழைய லென்ஸ் வாங்கும்போது கடை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தலையாட்டாதே. இரண்டு பக்க மூடியையும் கழற்று. அப்பர்ச்சரை முழுசாகத் திறந்த நிலையில், பின்பக்கத்திலிருந்து கைப்பேசி டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கத்திலிருந்து பார். தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும், அதனால் கெடுதல் இல்லை. சிலந்தி வலை மாதிரி கிளை விட்டு ஓடும் மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு குறைத்தாலும் வாங்காதே. பிறகு ஜூம் வளையத்தைத் திருப்பு. நடுவில் எங்காவது சொரசொரவென்று பிடித்தால் மணல் உள்ளே போயிருக்கிறது. கடற்கரைக்காரர்கள் விற்கிற லென்ஸில் இது சகஜம். ஏ.பி. செட்டா (கடைக்காரர்களே இறக்குமதி செய்தது), மலேசியா செட்டா (அதிகாரப்பூர்வ விநியோகஸ்தர் வழி வந்தது) என்று கேள். ஏ.பி. செட் என்றால் வாரண்டி கடையோடு சரி. விலை எவ்வளவு குறைகிறது என்பதைப் பார்த்து முடிவு செய். எதுவானாலும் ரசீதில் சீரியல் எண்ணை எழுதி வாங்கு.

விமர்சன வீடியோக்களைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, நம் ஜொகூரில் பிறந்த எரிக் பெரிஸின் கறுப்பு வெள்ளைப் படங்களை அச்சில் தேடிப் பார். நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் படப் பிரிவுக்கு ஆசிரியராக இருந்தவர். எந்தக் கேமராவில் எடுத்தார் என்று அங்கே தேடாதே. எந்த வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார் என்று பார்.

கடைசியாக ட்ரோன் பற்றிக் கேட்டிருந்தாய். செனிபோங்கில் நிற்கிறவனுக்கு எதிர்க்கரை வேறு நாடு. பறக்கவிட அனுமதி என்ன, எது வரை என்று முழுதாக விசாரித்த பிறகு எழுது. அதுவரை அந்தக் காசை மேலே சொன்ன 24-120-இல் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்