பதினாறு என்றால் பதினாறு எவை?

தமிழாசிரியனொருவன் கணினியைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு பழைய மாணவர்கள் நகைத்தல் கூடும். எனினும், எண்ணும் எழுத்தும் ஒன்றையொன்று வேண்டி நிற்பன என்பதை அண்மையில் ஒரு சிறு நிகழ்ச்சி எனக்கு உணர்த்திற்று. அதனை மாணவர் நலங் கருதி ஈண்டு எழுதுகின்றேன்.

நிறைவு விழாவையொட்டிப் பழைய மாணவரின் சேர்விலக்கங்களைத் தொகுத்தற்கு உயர்தர வகுப்பு மாணவனொருவன் சீ மொழியிலே செய்நிரலொன்று எழுதினான். அச்சுக்குப் போகுமுன் இடாப்போடு ஒத்துப் பார்த்தபோது சில இலக்கங்கள் மாறியிருந்தன. வேறு சில எங்கிருந்து வந்தன என்பதே விளங்கவில்லை. ஓரிலக்கம் பிழைத்தால் ஒருவர் பெயர் பட்டியலில் இல்லாதொழியும். “ஐயா, எழுத்துக்களை வைத்துச் சோதித்தபோது ஒரு பிழையும் வரவில்லையே” என்று அவன் வருந்தினான். அவனுடைய விளக்கக் குறிப்பைத் திருத்தும் பணி என்னிடம் வந்தது.

அணி என்பது ஒரே வகைப் பொருள்களை நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கும் வரிசை. எத்தனை பொருள் வருமென்று முன்கூட்டி அறியாவிடத்து, வேண்டியபோது விரியும் அணி தேவைப்படும். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுகூடத்திலே டெனிஸ் றிச்சி உருவாக்கிய சீ மொழியில் இத்தகைய அணி இயல்பாக அமையவில்லை. ஆதலின் நிரலர் தாமே அதற்கொரு நூலகம் எழுதிக்கொள்வர். அந்நூலகம் மூன்று செய்திகளை நினைவிற் கொள்ளும்: தொடக்க முகவரி, உள்ள பொருள்களின் தொகை, கொள்ளக்கூடிய தொகை. இடம் நிரம்பியதும் ‘றீயலொக்’ என்னும் சார்பை அழைத்துக் கொள்ளளவை இரட்டிக்கும்.

இரட்டித்தற்குக் காரணமுண்டு. 8 இடத்தில் தொடங்கி 1024 பொருள்களைச் சேர்க்குமிடத்து, ஒவ்வொரு விரிவிலும் அனைத்தும் இடம்பெயர்வதாகக் கொண்டாலும், இரட்டித்தால் 1016 பெயர்ப்புக்களே நிகழும். ஒவ்வோர் இடமாகக் கூட்டினாலோ 5,23,748 பெயர்ப்புக்கள் நிகழும்.

மாணவனின் குறிப்பில், “அணி நிரம்பியதும் றீயலொக்கிடம் 16 கேட்கப்படும்” என்றொரு வாக்கியம் இருந்தது. “பதினாறு எவை?” என்று கேட்டேன். பெயரின்றி எண்ணுப்பெயர் தனித்து நின்றால் பொருள் நிரம்பாதன்றோ? அவன் சற்றுத் திகைத்துத் தன் செய்நிரலை நோக்கினான். நோய் அவ்விடத்தே இருந்தது.

றீயலொக் அறிவது பைற்றுக்களை மாத்திரமே; பொருள்களையன்று. சேர்விலக்கம் ஒவ்வொன்றும் 4 பைற்று. முதலில் 8 இலக்கங்களுக்கு 32 பைற்று முறையாகப் பெறப்பட்டது. விரித்தபோது 16 × 4 = 64 பைற்றுக் கேட்பதற்குப் பதிலாக வெறும் 16 கேட்கப்பட்டது. விரிய வேண்டிய இடம் சுருங்கியது. நூலகமோ 16 இலக்கங்களுக்கு இடமுண்டென நம்பி எழுதிக்கொண்டே சென்றது. பதினாறு பரப்பு, அஃதாவது ஓர் ஏக்கர், காணி வேண்டியவன் உறுதியில் பதினாறு குழி என்றெழுதிவிட்டு, பதினாறு பரப்புக்கும் கதியால் நட்டு வேலியடைத்தாற் போன்றது இது. அயலான் காணியிற் புகுந்தபின் வழக்கு எழாதிருக்குமா?

எழுத்துச் சோதனை ஏன் ஏமாற்றியது? அவன் வைத்த எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைற்று. அங்கே பதினாறு எழுத்தும் பதினாறு பைற்றும் ஒன்றே. மேலும், நினைவகத்தை ஒதுக்குவோன் கேட்டதிலும் சற்று மிகையாகக் கொடுப்பதுண்டு. ஆதலால் தவறு நிகழ்ந்த இடம் ஒன்றாகவும் அது வெளிப்படும் இடம் வேறொன்றாகவும் அமையும். வல்கிறிண்ட் என்னும் ஆய்வுக் கருவியை அவன் இயக்கியபோது, 16 பைற்றுப் பகுதிக்கு 16 பைற்று அப்பால் எழுதப்பட்டதென்று அது காட்டிக்கொடுத்தது. அதுவே ஒன்பதாம் இலக்கம்.

எண்ணிக்கையை ஒரு பொருளின் பைற்றளவாற் பெருக்கியதும் பட்டியல் சீராயிற்று. அத்தோடு அமையாது மேலும் மூன்றினை அவன் திருத்தினான்.

முதலாவது, றீயலொக் இடமில்லையெனின் வெற்றுச் சுட்டியைத் திருப்பும். பழைய பகுதி அழியாது. விடையைப் பழைய முகவரியின் மேலேயே எழுதினால் உள்ளதும் கைவிட்டுப் போம். எனவே வேறொரு மாறியில் ஏற்று, ஆராய்ந்தபின் மாற்றுக.

இரண்டாவது, விரிந்த அணி வேறிடத்துக்குப் பெயரலாம். பழைய முகவரியைப் பிடித்திருப்பவன், வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் எழுதுவோனை ஒப்பான்.

மூன்றாவது, பெருக்கமே எல்லை கடக்கலாம். 32 பிற் அளவில் 1,07,37,41,824 ஐ 4 ஆற் பெருக்கினால் விடை சுழியாகிவிடும். ஆகவே பெருக்குமுன் வகுத்துப் பார்த்தல் வேண்டும். 2014 இல் ஓப்பன்பீஎஸ்டீ 5.6 பதிப்போடு வெளிவந்த ‘றீயலொக்அறே’ என்னும் சார்பு இக்காவலைத் தானே செய்கின்றது.

மாணவர்களே, தவறு பெருங் கணக்கில் இருக்கவில்லை. சொல்லாது விட்ட ஒரு சொல்லில் இருந்தது. கணினி சொன்னதைச் செய்யும், கருதியதைச் செய்யாது. எண்ணை எழுதுமிடமெல்லாம் அதன் அலகையும் எழுதப் பழகுங்கள். அன்று மீண்ட இலக்கங்களை நானும் அம்மாணவனும் ஒவ்வொன்றாக இடாப்போடு ஒத்துப் பார்த்தோம். ஒருவரும் விடுபடவில்லை.