மருத்துவ இடத்துக்கான காத்திருப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் நீட் தேர்வு முதல் படி மட்டுமே. 2025-ல் தேர்வு மே 4-ஆம் தேதி நடந்தது. முடிவு ஜூன் 14-ஆம் தேதி வந்தது. தமிழகத்தின் தரவரிசைப் பட்டியல் ஜூலைக் கடைசியில்தான் வெளியானது. கலந்தாய்வின் பிந்தைய சுற்றுகள் மழைக்காலம் வரை நீண்டன. இந்த இடைவெளியில் ஒவ்வொரு வீட்டிலும் உறவினர், பயிற்சி மையத்தார், தரகர், பக்கத்து வீட்டு மருத்துவ மாணவர் என்று பலரும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அவற்றில் பாதி பழைய விதிகளைச் சேர்ந்தவை; சில எப்போதுமே உண்மையாக இருந்ததில்லை. நல்ல மதிப்பெண் எடுத்தும் ஒரு சான்றிதழாலோ பணக் கணக்கில் நேர்ந்த பிழையாலோ இடத்தை இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த இழப்பு முழுவதும் தவிர்க்கக்கூடியது.

“நீட் தேறியாயிற்று, இனி சீட் உறுதி”

தேர்ச்சி என்பது கலந்தாய்வில் கலந்துகொள்ளும் தகுதி மட்டுமே. பொதுப் பிரிவுக்கு 50-ஆவது பெர்சன்டைல், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவுகளுக்கு 40-ஆவது பெர்சன்டைல் என்பது தேர்ச்சி எல்லை. பெர்சன்டைலை நூற்றுக்கு இத்தனை மதிப்பெண் என்று புரிந்துகொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. தேர்வெழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினர் ஒருவருக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதையே அது சொல்கிறது. 2025-ல் பொதுப் பிரிவின் தேர்ச்சி எல்லை 720-க்கு 144 மதிப்பெண்தான். அந்த ஆண்டு எழுதிய 22 லட்சம் பேரில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேறினார்கள். நாடு முழுவதும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1.2 லட்சம். அதாவது, தேறியவர்களிலேயே ஒரு இடத்துக்குப் பத்துப் பேர் போட்டியிட்டார்கள்.

“போன வருஷ கட்-ஆஃபைப் பார்த்தால் தெரிந்துவிடும்”

மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். 2024-ல் திருத்தப்பட்ட முடிவிலேயே 17 பேர் 720-க்கு 720 எடுத்திருந்தார்கள். 2025-ல் வினாத்தாள் கடினமாக இருந்ததால் முதலிடத்துக்கே 686 போதுமாக இருந்தது. முந்தைய ஆண்டுக் கட்-ஆஃபைப் பார்த்து மனம் உடைந்த பிள்ளைகள் பலர், உண்மையில் நல்ல தரவரிசையில் இருந்தார்கள். ஒப்பிட வேண்டியது ரேங்கை. அதிலும் அகில இந்திய ரேங்க் வேறு, மாநிலத் தேர்வுக் குழு வெளியிடும் பட்டியலில் கிடைக்கும் இடம் வேறு, அதே பட்டியலில் சமூகப் பிரிவுக்குள் கிடைக்கும் இடம் வேறு. தமிழக இடங்களுக்குப் பின்னிரண்டும்தான் கணக்கு.

“ஓ.சி. இடங்கள் முற்பட்ட வகுப்பினருக்கு”

தமிழகத்தில் ஒதுக்கீடு 69 விழுக்காடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மீதமுள்ள 31 விழுக்காடு எந்தச் சமூகத்துக்கும் உரியதல்ல. அது பொதுப் போட்டி. ரேங்க் வரிசையில் முன்னால் நிற்கும் யாரும், எந்தச் சாதியைச் சேர்ந்தவரும், அந்த இடங்களைப் பெறலாம். ஒரு பி.சி. மாணவி பொதுப் போட்டியில் இடம் பெற்றால் பி.சி. ஒதுக்கீட்டில் ஓர் இடம் குறைவதில்லை. பொருளாதாரத்தில் நலிந்த முற்பட்டோருக்கான 10 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டில் உண்டு; தமிழக அரசின் இடங்களில் கிடையாது.

“ஒரே விண்ணப்பம் போதும், சாதிச் சான்றிதழ் இருக்கிறது”

இரண்டு தனித்தனிக் கலந்தாய்வுகள் நடக்கின்றன. அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடும், எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் இடங்களும் டெல்லியில் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழுவான எம்.சி.சி. வழியே நிரப்பப்படுகின்றன. இராமநாதபுரத்தில் வகுப்புகளைத் தொடங்கிய மதுரை எய்ம்ஸும் இதில் அடக்கம். மற்ற 85 விழுக்காடும் தனியார் கல்லூரி இடங்களும் சென்னையில் உள்ள மாநிலத் தேர்வுக் குழுவின் பொறுப்பு. இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றில் பதிவு செய்தால் மற்றொன்றில் பெயர் வராது.

ஆண்டுதோறும் பிள்ளைகள் தவறவிடும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. மாநிலக் கலந்தாய்வுக்குப் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் போதும், அது நிரந்தரமானது. அகில இந்திய இடங்களில் 27 விழுக்காடு ஓ.பி.சி. ஒதுக்கீட்டைக் கோர அந்த அட்டை போதாது. மத்திய அரசு வகுத்த படிவத்தில், வளமான பிரிவைச் சேர்ந்தவர் அல்லர் என்று சொல்லும் தனி ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அது நிரந்தரமானதன்று, நடப்பு நிதியாண்டைக் கணக்கிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம் என்றதும் அரசு ஊழியரான பெற்றோர் பலர் தாமாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்த வரம்பைப் பார்க்கும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேர்க்கப்படுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. உயர்பதவி வகிப்போருக்குத் தனி விதி உண்டு. மற்றவர்கள் விண்ணப்பித்துப் பார்க்காமல் கைவிடக் கூடாது. இச்சான்றிதழும் வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இ-சேவை வழியே தாசில்தார் அலுவலகம் போய்வர நாளாகும். தேர்வு முடிந்து முடிவு வருவதற்குள் இருக்கும் வாரங்களே அதற்கு உகந்தவை.

“எட்டாத கல்லூரியை முதலில் போட்டால் வரிசை போய்விடும்”

போகாது. மென்பொருள் ஒவ்வொருவரையும் ரேங்க் வரிசையில் எடுத்து, அவர் கொடுத்த பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் கல்லூரியைத் தருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியை முதலில் எழுதியதற்காக யாரும் ஸ்டான்லியையோ தஞ்சாவூரையோ இழப்பதில்லை. ஆபத்து பட்டியலின் அடிப்பகுதியில் இருக்கிறது. போக மனமில்லாத கல்லூரியையும், கட்டணம் கட்டவே முடியாத கல்லூரியையும் “சும்மா இருக்கட்டும்” என்று சேர்த்துவைப்பவர்கள் அதையே பெற்றுத் தவிக்கிறார்கள். பணக் கணக்கைப் போட்டு முடித்த பிறகே விருப்பப் பட்டியலை எழுத வேண்டும் என்பது இதனால்தான்.

“பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், அடுத்த சுற்றில் பார்க்கலாம்”

எம்.சி.சி. விதிப்படி முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் இழப்பில்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்ததில் சேராவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். கடைசியான ஸ்ட்ரே சுற்றில் கிடைத்ததை உதறினால் வைப்புத்தொகையோடு அடுத்த நீட் எழுதும் உரிமையும் போகும். அரசு இடங்களுக்கு அந்த வைப்புத்தொகை பொதுப் பிரிவுக்கு 10,000 ரூபாய், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 5,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு எல்லோருக்கும் 2 லட்சம். “அப்கிரேட்” கேட்டவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: மேலான கல்லூரி கிடைத்த நொடியில் முந்தைய இடம் தானாகவே ரத்தாகிவிடும். இரண்டையும் வைத்துக்கொண்டு யோசிக்க வழியில்லை. மாநிலக் கலந்தாய்வின் விதிகளும் தொகைகளும் வேறு. அந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டைப் படிப்பது தவிர வேறு வழியில்லை.

“மேனேஜ்மென்ட் சீட்டைக் கல்லூரியிலேயே பேசி வாங்கலாம்”

ஒரு காலத்தில் நடந்தது. இன்று மேனேஜ்மென்ட் கோட்டாவும் வெளிநாடுவாழ் இந்தியர் இடமும் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடமும் கலந்தாய்வு வழியே, நீட் ரேங்க் அடிப்படையில் மட்டுமே நிரப்பப்படுகின்றன. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிகளும் இதையே சொல்கின்றன. நன்கொடை வாங்குவதைத் தடுக்கும் தமிழகச் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. மொத்தப் படிப்புக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டணம் கேட்கக் கூடாது, ஓராண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2003-ல் சொன்னது. ஆகவே முடிவுக்கு முன்பே “சீட் பிளாக் பண்ணித் தருகிறேன்” என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுப்பதற்கு இடம் எதுவும் இல்லை. நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் திரட்டிய பணம் இப்படிப் போவது கொடுமை.

“தனியார் கல்லூரி என்றால் எல்லாம் ஒரே கட்டணம்தான்”

அரசுக் கல்லூரியில் ஆண்டுக்கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டண நிர்ணயக் குழு வகுத்த தொகை அண்மை ஆண்டுகளில் நாலரை லட்சத்தை ஒட்டி இருந்தது. அதே கல்லூரியின் மேனேஜ்மென்ட் இடத்துக்கு அது பதின்மூன்று லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் பல இருபது லட்சத்தைத் தாண்டுகின்றன. ஒரே வளாகத்தில், ஒரே வகுப்பில் உட்கார்ந்தாலும், இடம் எந்த ஒதுக்கீட்டில் கிடைத்தது என்பதே குடும்பத்தின் சுமையைத் தீர்மானிக்கிறது.

“அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இடம் கிடைத்தாலும் கட்டணத்துக்கு என்ன செய்வது?”

2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் இதில் சேர்வார்கள். அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் சேரமாட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் இச்சட்டத்தை உறுதிசெய்தது. முதல் ஆண்டுக் கலந்தாய்வில் தனியார் கல்லூரி கிடைத்தும் கட்டணத்துக்கு அஞ்சிச் சில மாணவர்கள் இடத்தை விட்டுப் போனார்கள். அதன் பிறகே கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. இன்று அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லை. இதை அறியாமல் இன்னொரு பிள்ளை இடத்தை விட்டுவிடக் கூடாது.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. மேனேஜ்மென்ட் இடத்தில் சேர்பவர்கள் அதை நம்பிக் கணக்குப் போடலாகாது. முதல் பட்டதாரிச் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது. ஆனால் அது அரசுக் கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு மட்டும், குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்.

“பேங்க் லோன் முழுசும் கொடுத்துவிடும், படித்து முடித்துக் கட்டலாம்”

மிகப் பெரிய தவறான கணக்கு இதுதான். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ஈடு இல்லாமல் கிடைப்பது 7.5 லட்சம் வரை. தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்தில் அது இரண்டு ஆண்டுக் கட்டணத்துக்கே போதாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் வீடோ நிலமோ ஈடாக வேண்டும். பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் அதைத் தீர்க்க மாதங்கள் ஆகும்.

கடனைப் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் கட்ட வேண்டாம் என்பது உண்மை. வட்டி மட்டும் முதல் தவணை வழங்கிய நாளிலிருந்தே ஏறுகிறது. ஆண்டுக்கு 4.5 லட்சம் வீதம் ஐந்து தவணை, பத்து விழுக்காடு தனிவட்டி என்று வைத்துக்கொண்டால் வாங்கிய அசல் 22.5 லட்சம். பயிற்சி மருத்துவக் காலம் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டும் கழிந்து முதல் தவணை கட்ட உட்காரும்போது வட்டி மட்டும் 10 லட்சத்தைத் தாண்டியிருக்கும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் பல வங்கிகள் வட்டி விகிதத்தில் ஒரு விழுக்காடு குறைக்கின்றன. முடிந்த குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இந்த இடைக்கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியத் திட்டம் உண்டு. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை கிடைக்கும். ஆனால் தரவரிசையில் இடம்பெற்ற குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களுக்கே அது பொருந்தும். எழுதப்போகும் கல்லூரி அந்தப் பட்டியலில் உள்ளதா என்று விருப்பப் பட்டியல் போடும்போதே பார்ப்பது நல்லது.

கடன் உத்தரவு வரச் சில வாரங்கள் ஆகும். இடம் கிடைத்தபின் சேர்வதற்குக் கிடைப்பதோ சில நாட்கள்தான். முதலாண்டுக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டும் வழியைத் தேட வேண்டியிருப்பது இதனால்தான். கட்டிய தொகையை ரசீது காட்டித் திரும்பப் பெறலாமா என்று கிளையில் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். காத்திருக்கும் வாரங்களில் பெற்றோரின் பான் அட்டை, வருமான வரிக் கணக்கு, சொத்துப் பத்திரம், சிபில் மதிப்பெண் ஆகியவற்றைப் பார்த்துவைக்கலாம். அப்பா பெயரில் மறந்துபோன பழைய கடன் நிலுவை ஒன்று இருந்தால் அதைத் தீர்க்க இதுவே நேரம்.

“எங்கள் கிளைப் பகுதியில் நீங்கள் வரமாட்டீர்கள்” என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் இடம் தரவில்லை. மாதிரித் திட்டப்படி கிளை மேலாளர் தாமாகவே கடனை மறுக்கவும் முடியாது. மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். வாய்மொழியாக மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்கலாம். வித்யா லட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் தேதியோடு பதிவு இருக்கும். வங்கியின் மண்டல அலுவலகத்தில் முறையிடும்போது அந்தப் பதிவு கைகொடுக்கும்.