வண்ண எல்.இ.டி. டார்ச்: அட்டையில் உள்ள எண்ணைப் படிப்பது எப்படி?

மார்கழி பிறந்தால் ஸ்ரீரங்கத்தில் விடியலுக்கு முன்பே நடமாட்டம் தொடங்கிவிடும். வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் சேவைக்கு வெளியூர் அன்பர்கள் இருட்டிலேயே வந்து சேருகிறார்கள். ஊதுபத்தி, தீப்பெட்டியோடு கைக்கடக்கமான டார்ச்சும் வைத்து விற்கும் கடைக்காரர்கள் நம்மில் பலர். அந்த டார்ச்சைக் கொள்முதல் செய்யும்போது அட்டையில் உள்ள பெரிய எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சரக்கு திரும்பி வந்தால் நஷ்டம் நமக்கே. போகும் நம்பிக்கையும் நம்முடையதே.

இரண்டு அளவுகள்

வெளிச்சத்தைக் குறிக்க இரண்டு அளவுகள் உண்டு. விளக்கு வெளியிடும் மொத்த வெளிச்சம் லூமன். ஒரு திசையில் அது எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பது கேண்டலா. சிறு எல்.இ.டி.களுக்கு இதன் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி கேண்டலாவில் எண் தருவார்கள். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் தூரமாகப் பாய்கிறது. ஆனால் நீரின் அளவு கூடுவதில்லை. வெளிச்சமும் அப்படித்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். முதல் சரக்கு 10,000 மில்லி கேண்டலா, விரியும் கோணம் 15 டிகிரி. இரண்டாவது 5,000 மில்லி கேண்டலா, கோணம் 30 டிகிரி. மொத்த வெளிச்சம் முதலாவதில் தோராயமாக அரை லூமன். இரண்டாவதில் ஒரு லூமன். பாதி எண் போட்ட சரக்கே இரு மடங்கு வெளிச்சம் தருகிறது! எனவே கோணம் குறிப்பிடாத மில்லி கேண்டலாவை நம்பி விலை பேச வேண்டாம். தூரத்தில் பார்க்கக் குறுகிய கோணம் நல்லது. காலடியில் வழி பார்க்கவும், பை துழாவவும் அகன்ற கோணம் நல்லது.

நிறத்துக்கு நிறம் வேறுபாடு

நமது கண் எல்லா நிறத்தையும் ஒன்றுபோல் உணர்வதில்லை. பகல் பார்வையில் 555 நானோமீட்டர் அலைநீளப் பச்சையே அதிகம் பளிச்சிடும். அதே சக்தியில் 470 நானோமீட்டர் நீலம் ஏறத்தாழ 11-ல் ஒரு பங்காகவே தெரியும். லூமனும் கேண்டலாவும் கண்ணின் இந்த இயல்பைச் சேர்த்தே கணக்கிடப்படுபவை. ஆகவே நீலத்தின் எண் பச்சையைவிடக் குறைவாக இருந்தால் அது மட்டமான சரக்கு என்று ஒதுக்கக் கூடாது. நீலத்தை நீலத்தோடும், சிவப்பைச் சிவப்போடும் ஒப்பிட வேண்டும்.

பேட்டரியும் முக்கியம்

சாதாரண 5 மி.மீ. எல்.இ.டி.யின் எண் பெரும்பாலும் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் அளந்தது. டார்ச்சில் அதைவிடக் குறைவாக ஓடினால் வெளிச்சமும் குறையும். சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட்டுக்குமேல் தேவைப்படலாம். இரண்டு பேட்டரி போடும் டார்ச்சில் மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று இல்லையென்றால், பேட்டரி சற்றே இறங்கியதும் நீலமும் வெள்ளையும் மங்கிவிடும், சிவப்பு தாக்குப்பிடிக்கும்.

கடையிலேயே சோதனை

மொத்தக் கடையில் மாதிரிக்கு இரண்டு டார்ச் வாங்குங்கள். ஒரே வகைப் புது பேட்டரி போட்டு, இருட்டறையில் ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைச் சுவரில் அடித்துப் பாருங்கள். நடுப்புள்ளியை மட்டும் பாராமல் வட்டம் எவ்வளவு அகலம் என்றும் கவனியுங்கள். பிறகு கூரையை நோக்கி அடித்தால் அறை முழுதும் எவ்வளவு தெளிவாகிறது என்பதில் மொத்த வெளிச்சம் விளங்கும். அரை மணி எரியவிட்டு மீண்டும் பாருங்கள். பெட்டிக்குப் பெட்டி நிறமும் பிரகாசமும் மாறலாம் என்பதால், சரக்கு வந்ததும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றைச் சோதிப்பது நலம்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். பொருளின் தரத்தைப் பொய்யாகக் கூறி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அட்டையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை உள்ளனவா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். வாடிக்கையாளர் கேட்டால், "இது தூரத்துக்கு, இது பக்கத்துக்கு" என்று எரித்துக் காட்டியே விற்போம்.