எல்லையோர வகுப்பறை

கன்னடத்தில் 'ஹொசூரு' என்றால் புதிய ஊர். ஓசூர் அப்பெயருக்கேற்ப இன்றும் புதிய மக்களை ஏற்றுக்கொண்டே இருக்கிறது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவான பின், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் குடும்பங்கள் இங்குக் குடியேறின. மேற்கே கர்நாடகமும் வடக்கே ஆந்திரமும் எல்லைகளாக அமைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவை முன்பே வழங்கிவந்தன. இப்போது இந்தி பேசும் பிள்ளைகளும் பள்ளிக்கு வருகின்றனர்.

இத்தகைய பள்ளியில் தலைமை என்பது எது? மணியடித்தலும் தேர்ச்சி விழுக்காடும் மட்டுமே அன்று. புதிதாகச் சேர்ந்த குழந்தை பேசாதிருக்கும்போது, அந்த அமைதியை அறியாமை எனக் கொள்வது எளிது. அவ்வாறு கொள்ளும் நாளில்தான் குழந்தை பள்ளியிலிருந்து விலகத் தொடங்குகிறது; வருகைப்பதிவேடு அதைக் காட்டப் பல மாதங்கள் ஆகும்.

ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் பால், புலி, பத்து என மூன்று சொற்களை எழுதுவதாகக் கொள்வோம். அவற்றை வீட்டில் எவ்வாறு சொல்வீர்கள் என்று வினவினால், கன்னடம் பேசும் மாணவி ஹாலு, ஹுலி, ஹத்து என்பாள். பாலு, புலி, பதி என்று விடையிறுப்பான் தெலுங்கு பேசும் மாணவன். பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற பகரம் பின்னாளில் ஹகரமாகத் திரிந்தது என்னும் மொழியியல் உண்மையை வகுப்பே கண்டறியும். அதுவரை வாய்திறவாத மாணவி அன்று வகுப்புக்குச் சான்று தருபவள் ஆகிறாள். தம் இருக்கையைச் சற்றுநேரம் மாணவிக்கு விட்டுக்கொடுத்த அவ்வாசிரியர் தலைமையை இழந்துவிடவில்லை.

இவ்வுறவைச் சட்டத்தால் மட்டும் உண்டாக்க இயலாது. தமிழ் கற்றல் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக வளர்ந்த கட்டாயத் தமிழ்ப்பாடம், 2015-16ஆம் கல்வியாண்டில் பத்தாம் வகுப்பை எட்டியது. அப்போது மொழிச் சிறுபான்மை மாணவர்கள் விலக்குக் கோரி நீதிமன்றத்தை நாடினர். தமிழ் கற்பது இப்பிள்ளைகளுக்கு நன்மையே. ஆயினும் அச்சத்தோடு கற்கும் மொழி தேர்வறையைத் தாண்டி உடன்வருவதில்லை.

பள்ளிக்கும் ஊருக்கும் உறவு அமைத்த முன்னோடி, காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், பள்ளியின் தேவைகள் மக்கள்முன் வைக்கப்பட்டன. நிலமும் இருக்கைகளும் கரும்பலகைகளும் ஊராரின் கொடையாக வந்து சேர்ந்தன. கொடுத்தவர் அப்பள்ளியைத் தமதென்று கருதினர்.

அன்றைய மாநாட்டுக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஊரார். இன்றைய தொழில்நகரில் அடுத்த வீட்டார் பெயரும் தெரிவதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினருள் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஆலையில் பகல்முறைப் பணிக்குச் செல்லும் தாய், பிற்பகல் மூன்று மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்? ஒருநாள் ஊதியத்தை இழந்தே வர வேண்டும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுவதற்கும், அழைப்பை அவர் மொழியறிந்த ஒருவர் வாயிலாகச் சொல்லி அனுப்புவதற்கும் தனி நிதி தேவையில்லை. அத்தாய் இன்னும் கூட்டத்துக்கு வரவில்லை என்பதைத் தலைமையாசிரியர் முதலில் கவனித்திருக்க வேண்டும்.