சுங்கை வேயில் டீச்சர் வேலைக்கு வந்த தங்கைக்கு: கூட்டமாகச் சாப்பிடப் போகும்போது

மலேசியாவில், சன்வேயிலோ சுபாங் ஜெயாவிலோ ஒரு கல்லூரியில் அல்லது அனைத்துலகப் பள்ளியில் வேலை கிடைத்து, வாடகை கட்டுப்படியாகும் என்று சுங்கை வே பக்கம் வீடு பார்த்துக் குடிவந்திருக்கும் தங்கைக்கு இதை எழுதுகிறேன். வந்த சில நாளிலேயே ஆசிரியர் அறையில், "ராத்திரி எல்லாரும் சாப்பிடப் போறோம், வர்றியா?" என்று கேட்பார்கள். பிலிப்பைன்ஸ்காரர், அயர்லாந்துக்காரர், தென்னாப்பிரிக்கர் என்று கலவையான கூட்டமாக இருக்கும். நான் சைவம், நான் மாடு சாப்பிட மாட்டேன், பீர் பக்கம் போக மாட்டேன் என்று தயங்கி, வீட்டுக்கு வந்து தனியாகத் தோசை ஊற்றிக்கொண்டு உட்காராதே. போய் வா. காய்ச்சல் வந்து படுத்தால் மருந்து வாங்கிக்கொண்டு வருவதும், வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் வழி சொல்வதும் அந்த மேசையில் இருப்பவர்கள்தான்.

ஆனால் எந்தக் கடை என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர்கூட வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. அதற்கு உன் கட்டுப்பாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடையில் போய் உட்கார்ந்த பிறகு முகம் சுளித்தால் எல்லாருக்கும் சங்கடம். முஸ்லிம் நண்பர்கள் உடன் வந்தால் சுவரில் அரசின் இஸ்லாமியத் துறையான ஜாக்கிம் தரும் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார். பன்றி இறைச்சி இல்லை என்று எழுதிவைத்தால் மட்டும் அது ஹலால் கடை ஆகிவிடாது. புதிதாக வரும் வெள்ளைக்கார ஆசிரியர்களுக்கு இது தெரியாது, நீ எடுத்துச் சொல். பீர் இருக்கும் மேசையில் உட்காருவது முஸ்லிம் நண்பர்களுக்குச் சம்மதமா என்பதையும் முன்கூட்டியே தனியாகக் கேட்டுவிடு.

கலவையான கூட்டத்துக்கு என் முதல் தேர்வு எப்போதும் மாமாக் கடைதான். தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த கடை, பல இடங்களில் விடிய விடியத் திறந்திருக்கும். ஊரிலிருந்து வந்த அண்ணன்கள் வேலை செய்யும் கடையாக இருந்தால் நீ தமிழிலேயே கேட்டு வாங்கலாம். அந்த மேசையில் உனக்கு மட்டும் உள்ள வசதி அது, கூச்சப்படாமல் பயன்படுத்து. ரொட்டி சானாய்க்குப் பருப்போடு மீன் குழம்பையும் சேர்த்து ஊற்றுவது பல கடைகளில் வழக்கம். நீ சைவம் என்றால், "அண்ணே, பருப்பு மட்டும் போதும்" என்று ரொட்டி தட்டுக்கு வரும் முன்பே சொல். நாசி லெமாக்கின் சம்பாலில் நெத்திலி இருக்கும், பெரும்பாலும் பெலாச்சானும் இருக்கும். இறால் அரைத்துப் புளிக்க வைத்த விழுது அது.

சோற்றோடு கறிகளைக் காட்டி வாங்கும் நாசி கண்டார் எடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். டாகிங் என்றால் மாடு, கம்பிங் என்றால் ஆடு. நீ கோழியைக் காட்டினாலும் ருசிக்காக நாலு பாத்திரத்துக் குழம்பையும் கலந்து சோற்றின் மேல் ஊற்றிவிடுவார்கள். மாடு வேண்டாம் என்றால் கரண்டி பாத்திரத்தில் இறங்கும் முன்பே, "கோழிக் குழம்பு மட்டும்" என்று சொல்லிவிடு. தே என்று சும்மா கேட்டால் டின்பால் கலந்த இனிப்புத் தேநீர் வரும். பால் வேண்டாம் என்றால் தே ஓ, சீனியும் வேண்டாம் என்றால் தே ஓ கோசோங். சர்க்கரை நோயுள்ள நண்பருக்கு இதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடு, அவர் தனியாகப் போகும் நாளிலும் உதவும்.

வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக்குப் போகலாம். ஸ்ரீ செத்தியா நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து நடக்கும் தூரம். கூட வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்: சோறு, காய், ரசம், அப்பளம் பொதுவாகக் கேட்கக் கேட்கப் போடுவார்கள், கோழி, மீன், நண்டு என்று தட்டில் வைத்து நீட்டுவதற்குத் தனிக் காசு. சிரித்துக்கொண்டே நாலு தட்டை வாங்கி வைத்துவிட்டுக் கணக்கு வரும்போது திகைப்பவர்கள் உண்டு. கையால் சாப்பிடச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதே, கரண்டி கேட்டால் தருவார்கள்.

சீனர் கடையில் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். கீரைதானே என்று நம்பி எடுக்காதே. சிப்பிச் சாறும் பெலாச்சானும் அதில்தான் சேரும். பூண்டு மட்டும் போட்டு வதக்கித் தரச் சொன்னால் செய்து தருவார்கள். பொரித்த குவே தியாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. கிள்ளானுக்குப் போனால் பாக் குட் தே சாப்பிடக் கூப்பிடுவார்கள். பன்றி எலும்பை மூலிகையோடு கொதிக்க வைக்கும் அந்தச் சாறு 2024இல் தேசிய மரபுணவுப் பட்டியலில் இடம்பெற்றது. விருப்பமுள்ளவர்கள் தனிக் குழுவாகப் போய் வரட்டும். எல்லாரையும் அங்கே இழுத்துப் போகாதீர்கள்.

எதுவும் ஒத்துவராத வாரத்துக்கு, எஸ்எஸ்2 பகுதியில் திங்கட்கிழமை மாலை கூடும் இரவுச் சந்தை இருக்கிறது. அவரவர் வேண்டியதை அவரவர் வாங்கிச் சாப்பிடலாம்.

காசு விஷயத்தில் கூச்சம் வேண்டாம். குளிர்சாதன உணவகங்களில் விலைப்பட்டியலின் அடியில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 6 சதவீதச் சேவை வரியும் சேரும் என்று பொருள். 20 வெள்ளி என்று போட்டிருக்கும் உணவுக்கு நீ கொடுப்பது 23 வெள்ளி 20 சென். அதற்கு மேல் டிப்ஸ் வைப்பது இங்கே வழக்கமில்லை. மேசையில் தானாகவே வந்து உட்காரும் வேர்க்கடலைக்கும் ஈரத் துடைப்பானுக்கும் காசு உண்டு. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பிக் கொடு. குடிப்பவர்களும் குடிக்காதவர்களும் கலந்த மேசையில் மொத்தத்தைத் தலைக்குச் சமமாகப் பிரிப்பது நியாயமே இல்லை. உட்காரும்போதே, "பானம் அவரவர் கணக்கு" என்று சொல்லிவிடு, ஒருவரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஒருவர் மொத்தமாகக் கட்டினால் உன் பங்கை டூயிட்நௌ என்ற கைபேசிப் பணப் பரிமாற்றம் மூலம் அங்கேயே அனுப்பிவிடு. வங்கிக் கணக்கு திறக்கும் வரை சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

பேச்சிலும் கவனம். மாணவர் பெயர், பெற்றோர் புகார், தலைமையாசிரியர் பற்றிய பேச்சு எதுவும் கடையில் வேண்டாம். பக்கத்து மேசையில் ஒரு பெற்றோர் இருக்கக்கூடும். தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது என்று இந்த ஊரில் நினைக்கவே கூடாது. நீங்கள் வெளிநாட்டு ஆசிரியர்கள் என்று தெரிந்து பெரியவர்கள் யாராவது பேச வந்தால் நின்று கேள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியர்களிடமும், 1962 முதல் 1983 வரை இங்கே வந்த அமெரிக்க பீஸ் கோர் தொண்டர்களிடமும் படித்த தலைமுறை அது. வெளியூர் வாத்தியார் மேல் அவர்களுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

நோன்பு மாதத்தில் கூட்டத்தை ரத்து செய்ய வேண்டாம், நோன்பு துறக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். மாலை ஏழேகால், ஏழரை வாக்கில் கடைகள் நிரம்பி வழியும், முன்பதிவு அவசியம். முஸ்லிம் நண்பர் முதல் வாய் எடுக்கும் வரை நீயும் காத்திரு. அதேபோல் புரட்டாசியில் நீ சைவம் என்று சொன்னால் அவர்களும் உனக்காகக் கடையை மாற்றுவார்கள். கேட்டுப் பார்.

இரவில் திரும்பும்போது கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள். தவறினால் ஒரே திசையில் போகிறவர்களோடு சேர்ந்து கிராப் வண்டி எடு, தனியாக ஏறினால் போகும் பாதையை யாராவது ஒருவருக்கு அனுப்பிவிட்டு ஏறு.

கடைசியாக ஒன்று. வெளிநாட்டு ஆசிரியர்கள் தங்களுக்குள்ளேயே கூடிக்கொண்டு, உள்ளூர் ஆசிரியர்களை அழைக்க மறந்துவிடுகிறார்கள். இது எனக்கு நெடுநாள் வருத்தம். மலாய் டீச்சரை, சீன டீச்சரை, அலுவலகத்தில் இருக்கும் நம் தமிழ் அக்காவைக் கூப்பிடு. எத்தனை பேர் வந்தாலும் மாமாக் கடையில் இன்னொரு மேசையை இழுத்துச் சேர்த்துப் போடுவார்கள்.